சொன்னது மட்டும் வந்து சேரும்

நோயுற்ற குழந்தையை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஆம்புலன்ஸ் என்றொரு நம்பிக்கை மக்களிடையே வேரூன்றிவிட்டது. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. இது பிழை. இவ்வளவு காலம் யாரும் திருத்தாமல் விட்டது வருந்தத்தக்கது. ஆம்புலன்ஸ் கொண்டுபோவது ஒரு ஸ்டிரெச்சரை, ஓர் ஆக்சிஜன் சிலிண்டரை, இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை. அவ்வளவுதான். குழந்தையைக் கொண்டுபோவது பேச்சு. ஒப்படைக்கிறவர் சொல்ல வேண்டும். பெற்றுக்கொள்கிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன அளவுக்குக் குழந்தை போய்ச் சேரும். சொல்லாமல் விட்டது வண்டியிலேயே தங்கிவிடும்.

மஞ்சம்பாறைக்கும் வேலங்குறிச்சிக்கும் நடுவே ஓடும் வண்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மஞ்சம்பாறை மலைமேல் இருக்கிறது: தேயிலைத் தோட்டங்கள், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், எப்போதும் கொஞ்சம் பனிமூட்டம். வேலங்குறிச்சி கீழே சமவெளியில் இருக்கிறது. அங்கேதான் குழந்தைகளுக்கென்று தனி அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை. இடையில் இருப்பது கொண்டை ஊசி வளைவுகள் மட்டுமே.

வண்டிக்குள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் இன்பவல்லி. வண்டியை ஓட்டுபவர் சூசைமாணிக்கம். ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அந்த வேலையில் பைலட் என்றுதான் சொல்வார்கள். அவரும் அதற்கேற்றாற்போல் மேகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வண்டியைக் கழுவுவது அவர் பொறுப்பு. கழுவும்போது யாரும் சொல்ல மறந்தவை கிடைக்கும். ஒரு மச்சம், ஒரு தெற்றுப்பல், வெல்லத்தின் மேல் ஓர் ஆசை. ஒருமுறை சீட்டுக்கடியில் யாரோ ஒரு குழந்தையின் மழலைப் பேச்சு கிடந்தது. தேடி ஆள் வரும்வரை, வண்டி திரும்பும்போதெல்லாம் அது தாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் அவர் தன் டிபன் பாக்ஸில் எடுத்துவைத்து, அடுத்த நடையில் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு, அதானே, என்னமோ குறையுதேன்னு பார்த்தோம் என்பார்கள்.

விட்டுப்போவது ஒரு வகை. தவறாகச் சொல்வது இன்னொரு வகை, அது கொஞ்சம் சிரமம். வலது காலில் எலும்பு முறிந்து வண்டியேறிய பையன் ஒருவன், அவசரத்தில் யாரோ இடது கால் என்று சொல்லிவிட்டதால், இடது கால் முறிந்தவனாக இறங்கினான். இடது காலுக்குக் கட்டுப் போட்டார்கள். பையனுக்கு ஆட்சேபம் இல்லை. பந்தை அவன் வலது காலால் உதைக்கிறவன்.

இந்தக் குறைகளைக் களையத்தான் வேலங்குறிச்சி அவசரப் பிரிவின் தலைமை மருத்துவர் நஸ்ரின் பானு ஒரு கூட்டம் போட்டார். சமோசா வரவழைத்து, கதவைச் சாத்தி, பல வாரங்கள் பேசினார்கள். முதலில் ஐந்து தலைப்புகள் வகுத்தார்கள். யார், என்ன நடந்தது, முன்பு என்ன இருந்தது, என்ன செய்தோம், இனி என்ன வேண்டும். இதற்குப் பிறகு குழந்தைகள் பிழையில்லாமல் வந்து சேர்ந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். எந்தக் கட்டிலில் எந்தக் குழந்தை என்று பெற்றவர்களுக்கே குழப்பம். சிலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், சாவகாசமாக வந்து மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே ஆறாவது தலைப்பு சேர்ந்தது: தாய் சொல்வது. அதைத் தாயிடம் கேட்டு, திருப்பிச் சொல்லி, கீழே அப்படியே கொடுக்க வேண்டும். எடுத்துப்போகிறவர் தன் பங்காக எதையும் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் ஒட்டாது. இன்பவல்லியே ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு குழந்தைக்குக் கன்னத்தில் குழி விழும் என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழி லிப்ட் வாசல்வரை தாங்கவில்லை.

கடைசியாக நஸ்ரின் பானு கொண்டுவந்த ஏற்பாடு, சொல்லும்போது யாரும் அசையக்கூடாது என்பது. கையில் ஊசி இருந்தால் ஊசி நிற்கும். பேச்சு நிற்கும். மின்விசிறி மட்டும் சுற்றும். அந்த நேரத்தில் பிரிவில் இருந்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெறும் சாயலாக வண்டியிலிருந்து இறங்கிய குழந்தை, ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, கட்டிலில் பாதத்திலிருந்து நிரம்பி மேலே வரும். சூடு வரும், பிறகு நிறம், பிறகு அழுகை. கைமுறிந்து பக்கத்து அறைக்கு வந்தவர்கள்கூட வாசலில் வந்து நிற்பார்கள். நாற்காலி இருந்தாலும் யாரும் உட்கார மாட்டார்கள்.

இன்பவல்லிக்கு அந்த நேரத்துக்காகத்தான் இந்த வேலை. எத்தனையோ குழந்தைகளைச் சொல்லி ஒப்படைத்தும், கடைசி வாக்கியத்தை அவள் இன்னும் மெதுவாகத்தான் சொல்வாள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அவள் கையிலிருந்து மச்சத்தைவிடப் பெரிய எதுவும் வண்டியில் தங்கியதில்லை. திருப்பிச் சொல்வது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. வீட்டில் மாமியார் உப்பு தீர்ந்துபோச்சு என்றால், உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவாள்.

ஒரு புதன்கிழமை, மதியச் சோற்று நேரத்தில் மஞ்சம்பாறையிலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் நாலு வயதுப் பெண் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு. வலிப்பு நீண்டுவிட்டது. வண்டி மேலே போய்ச் சேர்வதற்குள் சுகாதார நிலையத்து மருத்துவர் கதிர்வேலன் மூக்கு வழியே மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தார். திரும்ப வரலாம், வந்தால் இங்கே வசதி இல்லை, கீழே கொண்டுபோய்விடுங்கள் என்றார். அவர் ஒழுங்காகச் சொல்கிற மனிதர். காய்ச்சல் என்று அவர் சொன்னபோதே இன்பவல்லியின் உள்ளங்கை சுட்டது. ஐந்து தலைப்பும் குறையில்லாமல் வந்தன. எடை மட்டும் இல்லை. நிலையத்துத் தராசு, இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் தகராறில் இருந்த ஒரு பலாப்பழத்தை நிறுப்பதற்காகப் பஞ்சாயத்து அலுவலகம் போயிருந்தது. அம்மாவைக் கேட்டுக்கோங்க, அவங்களுக்குத் தெரியாமலா என்றார் கதிர்வேலன்.

அம்மாவின் பெயர் செல்லக்கிளி. கொழுந்து பறிப்பவள். பறித்த கையோடு வந்திருந்தாள்; விரல் நுனிகள் கறுத்திருந்தன. குழந்தைக்குப் பள்ளியில் போடுவதற்காக வைத்திருக்கும் பெயர் ஆதிரை. வீட்டில் குப்பு. மருந்து மயக்கத்தில் குப்பு தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று கறுப்புப் பொட்டுகள்.

வண்டி கிளம்பியதும் இன்பவல்லி ஆறாவது தலைப்பைத் தொடங்கினாள். "பாப்பா நல்லா சாப்பிடுமாம்மா? எடை எவ்வளவு இருக்கும்?"

"எங்க சிஸ்டர் சாப்பிடுது," என்றாள் செல்லக்கிளி. "காக்கா கொத்துன மாதிரி ரெண்டு பருக்கை. ஒடம்புல ஒண்ணுமே இல்ல. பஞ்சு. ஊதுனா பறந்துரும்."

"ஒடம்புல ஒண்ணுமே இல்ல. பஞ்சு. ஊதுனா பறந்துரும்," என்றாள் இன்பவல்லி.

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

குப்புவின் கன்னம் முதலில் வடிந்தது. பிறகு கைகள். வளையல் மணிக்கட்டிலிருந்து கழன்று, உருண்டு, சிலிண்டருக்கு அடியில் போய் நின்றது. மெத்தையில் அவள் அழுந்தியிருந்த பள்ளம் மெதுவாக மேலெழும்பிச் சமமாகியது. முதல் வளைவில் வண்டி திரும்பியபோது குப்பு திரும்பவில்லை. அவள் மெத்தையைவிட்டு ஒரு சாண் எழும்பி, பெல்ட் இழுத்துப் பிடிக்க, காற்றில் தூங்கிக்கொண்டிருந்தாள். முடி மட்டும் கீழே தொங்கியது. ஜன்னல் வழியாக வந்த மலை வெளிச்சம் அவளுக்கு அடியிலும் விழுந்தது. இன்பவல்லி ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முன்னாலிருந்து சூசைமாணிக்கம், வண்டி வளைவில் தூக்குகிறது, யாராவது இறங்கிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, எடை இறங்கிவிட்டது என்றாள் இன்பவல்லி. அவர் சரி என்று கியரை மாற்றினார்.

அவள் மறுபடியும் கேட்டாள், வேறு மாதிரி. பார்த்தால் நல்ல வளர்த்தியான குழந்தையாகத்தானே வண்டியேறியது என்றாள். அது செய்யக்கூடாத காரியம். செல்லக்கிளி வெடுக்கென்று நிமிர்ந்து, வளர்த்தியெல்லாம் இல்லை, சவலை, நடந்தால் விழும், பேச்சுகூடத் திக்கித்திக்கித்தான் என்று மடமடவென்று அடுக்கினாள். இன்பவல்லி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சூசைமாணிக்கம் மரியாதை தெரிந்த மனிதர். எதிராளி சொல்வதற்கு ஒத்து ஊதாமல் கேட்கத் தெரியாது. "அப்படியா, பேச்சு கூடவா..." என்று தொடங்கிவிட்டார். இன்பவல்லி தடுப்புக் கண்ணாடியில் ஓங்கித் தட்டினாள். மீதியை அவர் விழுங்கிவிட்டார். இருந்தும், தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த குப்பு பாதியில் நிறுத்திவிட்டாள்.

சொல்கிறபடிதான் பிள்ளை கீழே போய்ச் சேரும் என்று செல்லக்கிளிக்குத் தெரியாமல் இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு இதற்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். மாரியம்மன் நோன்பு அன்று, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றவனை ஒருத்தி பார்த்து, அடி ஆத்தி, யானைக்குட்டி மாதிரி வளத்திருக்கியே என்றாள். செல்லக்கிளியும் வாய்க்கொழுப்பில், ஆமாக்கா, நல்லா சாப்பிடுவான் என்றாள். அடுத்த வாரம் அவன் இல்லை. அதை அவள் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். குப்பு பிறந்ததிலிருந்து, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ஒரு தடவைகூட அவள் வாயால் வந்ததில்லை. புருஷனிடம் சொன்னதில்லை. சாமியிடம்கூடச் சொன்னதில்லை, அங்கேயும் நாலு பேர் நிற்கிறார்கள்.

"நல்லா இருக்கான்னு நீங்க சொன்னாத்தாம்மா நல்லா போய்ச் சேருவா," என்றாள் இன்பவல்லி.

"போய்ச் சேரணும், சரி," என்றாள் செல்லக்கிளி. "சேந்த பொறவு இருக்கணுமே சிஸ்டர்."

இன்பவல்லி ஆறு தலைப்பையும் மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

வண்டியின் முன்னால் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்குகிறதே, அது போதாதா என்று சூசைமாணிக்கம் கேட்டார். செல்லக்கிளி எழுந்து நின்று கண்ணாடி வழியாக அதைக் கவனமாகப் பார்த்தாள். அது வண்டிக்குக் கட்டினது, வண்டியைத்தான் தாங்கும் என்று உட்கார்ந்துவிட்டாள். அவர் அதை ஒப்புக்கொண்டார். போன மாதம் லாரி உரசியபோது அது வண்டியையே முழுசாகத் தாங்கவில்லை.

இன்பவல்லி நஸ்ரின் பானுவுக்குப் போன் செய்தாள். ஐந்து தலைப்பும் சொல்லிவிட்டு எடைக்கு வந்தபோது நிறுத்தினாள்.

"எவ்வளவு?" என்றார் நஸ்ரின் பானு.

"பெல்ட் போட்டிருக்கேன் டாக்டர்."

"மேலயா, கீழயா?"

"மேல."

"சரி. ஜன்னலைச் சாத்திடுங்க," என்றார். பிறகு, இன்பவல்லிக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னார். வலிப்பு திரும்பினால் அடுத்த மருந்து நரம்பு வழியே, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் போட வேண்டும். குழந்தைகளுக்கு எல்லாமே கிலோ கணக்குதான். எடையே இல்லாத குழந்தைக்கு மருந்தும் இல்லை. ஊகித்துப் போட அவர் தயாராக இல்லை. கூடினால் மூச்சு நிற்கும், குறைந்தால் வலிப்பு நிற்காது.

மலை இறங்கி முடியும் இடத்தில், தென்னந்தோப்புகள் தொடங்கும்போது, காற்றில் மிதந்துகொண்டிருந்த குப்புவின் இடது கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. செல்லக்கிளி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் குழந்தையின் பாவாடை நுனியையும் பிடித்துக்கொண்டாள், பட்டம் விடுகிறவர்கள் நூலைப் பிடிப்பதுபோல.

வேலங்குறிச்சியில் கதவுகள் திறந்தே இருந்தன. ஸ்டிரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்ற இரண்டு நர்ஸுகள் பெல்ட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துவந்தார்கள். குழந்தை அவர்கள் தலைக்குச் சமமாக வந்தது. கட்டிலில் பெல்ட்டைக் கட்டினார்கள். ஊசி நின்றது. பேச்சு நின்றது. இன்பவல்லி சொன்னாள், நஸ்ரின் பானு திருப்பிச் சொன்னார். யார், என்ன நடந்தது, முன்பு என்ன, என்ன செய்தோம். காய்ச்சல் வந்து சேர்ந்தது. துடிப்பும் வந்து சேர்ந்தது; இப்போது கையில் மட்டும் இல்லை, ஒரு பக்கம் முழுவதும். ஐந்தாவதும் முடிந்தது. ஆறாவதில் இன்பவல்லியிடம் இருந்தது அந்தப் பஞ்சு மட்டுமே. அதை அவள் சொல்லவில்லை. தாயின் பக்கம் கையைக் காட்டிவிட்டு நின்றுகொண்டாள். இதுவரை அவள் எந்தக் குழந்தையையும் பாதியில் நிறுத்தியதில்லை.

நஸ்ரின் பானு செல்லக்கிளியிடம் வந்தார். எடை சொல்லுங்கம்மா, எனக்கு அது ஒன்றுதான் வேண்டும் என்றார். அவர் குரலில் அவசரம் இருந்தது. ஆனால் அதட்டல் இல்லை.

செல்லக்கிளி பிரிவைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில்களைச் சுற்றி நின்றவர்கள், கட்டில்களில் கிடந்தவர்கள், வாசலில் கூடியவர்கள், பிளாஸ்கோடு வந்த டீக்காரர், செக்யூரிட்டி.

"இத்தனை கண்ணு இருக்கு," என்றாள்.

நஸ்ரின் பானு அதை யோசித்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, பொறுமையின்மையும் இல்லை. மருந்துக்கு ஒவ்வாமை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மருத்துவர்கள் எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னார்: "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க."

மூடினார்கள். மலையிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று யாரோ கேட்க, அந்த ரோட்டில் எனக்கு முடிந்திருக்காது என்றார் சூசைமாணிக்கம், கண்ணை மூடியபடியே. பக்கத்துக் கட்டில் தாய் தன் கைக்குழந்தையின் கண்களை உள்ளங்கையால் மறைத்தாள். செக்யூரிட்டி, கண்ணை மூடுவதற்கு முன்னால், கேமராவின் மேல் தன் தொப்பியை மாட்டினார். தடுப்பூசி போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தார் டீக்காரர். செல்லக்கிளி அதைக் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இன்பவல்லி கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது, பிற்பகல் வெளிச்சத்தில் அசையாமல் நின்ற மூடிய இமைகளை. பெரியவர்கள், பிள்ளைகள், வெள்ளைக் கோட்டுகள், லுங்கிகள். அவர்களுக்கு நடுவில், எல்லோருக்கும் மேலே, ஒரு குழந்தை.

பிறகு இருட்டில் குரல் மட்டும் வந்தது. முதலில் அது குரலாகவே இல்லை, பழகாத பாதையில் கால் வைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

"போன மாசம் அங்கன்வாடியில தொங்கவிட்டுப் பாத்தப்ப பதினஞ்சே முக்கால் கிலோ. டீச்சரம்மாட்ட சத்தமா பதிமூணுன்னு சொல்லச் சொன்னேன். சொன்னாங்க. ஆனா பதினஞ்சே முக்கால்."

"பதினஞ்சே முக்கால்," என்றார் நஸ்ரின் பானு.

கட்டில் ஒருமுறை முனகியது.

"மூணு தோசை திம்பா. தின்னுட்டு அவங்கப்பன் தட்டப் பாப்பா."

"மூணு தோசை. அப்பா தட்டு."

"இடுப்புல தூக்கிட்டு மேடு ஏறுனா எனக்கு மூச்சு வாங்கும். அது தெரிஞ்சே இன்னும் கொஞ்சம் கனமாக்கிக்குவா, கழுதை."

நஸ்ரின் பானு கழுதையையும் விடாமல் திருப்பிச் சொன்னார். பெல்ட் தளர்ந்து கட்டிலின் இரும்பில் கிணுங்கென்று விழுந்தது. சக்கரங்கள் தரையில் அழுந்தின. இன்பவல்லியின் பாதத்துக்கு அடியில் தரையோடு அது தெரிந்தது, தூரத்தில் ரயில் வருவது தெரிவதுபோல. துடித்துக்கொண்டிருந்த குதிகால் இப்போது கட்டிலின் கம்பிக்கு எட்டியது. டக், டக், டக் என்று கேட்டது. அவ்வளவு கனமான ஒரு சத்தத்தை அவள் அந்தப் பிரிவில் கேட்டதில்லை.

நஸ்ரின் பானு கண்ணைத் திறக்காமல், மருந்து எடுக்க ஒரு கண் மட்டும் வேண்டும் என்று அனுமதி கேட்டார். செல்லக்கிளி யோசித்துவிட்டு, வலது கண் என்றாள். ஆம்பியூலின் கண்ணாடிக் கழுத்து உடைகிற சத்தம் வந்தது.

தாய் நிறுத்தவில்லை. நாலு வருஷம் அடைத்துவைத்தது இப்போது அவள் நிறுத்தினாலும் நிற்காது. கருவாடு பொரித்தால் அடுத்த லைனில் இருந்தாலும் வந்துவிடுவாள் என்றாள். சேவலைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள், அது யாரிடம் கற்றது என்று தெரியவில்லை, தெரியும், அவள் அப்பாவிடம் என்றாள். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டாள். அடித்தால் சிரிப்பாள். பேச்சு திக்காது, காது வலிக்கிற அளவுக்குப் பேசுவாள். தூங்கும்போது ஒரு காலைத் தூக்கி அம்மா கழுத்தில் போட்டுக்கொள்வாள். நஸ்ரின் பானு மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்ததால் திருப்பிச் சொல்ல ஒரு நொடி தாமதமானது. அந்த இடைவெளியில் பிரிவே சொன்னது. டீக்காரர், செக்யூரிட்டி, கைமுறிந்தவர்கள், பக்கத்துக் கட்டில் தாய், எல்லோரும் மெதுவாக, ஒரே குரலில்: ஒரு காலைத் தூக்கி அம்மா கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

டக், டக். பிறகு ஒரு டக். அதற்குப் பிறகு இல்லை.

இன்பவல்லிக்குத் தன் இமைகளுக்குள் இருந்த சிவப்பு மட்டும் தெரிந்தது.

"கொறட்டை விடுவா," என்றாள் செல்லக்கிளி. "பெரிய மேஸ்திரி மாதிரி."

"குறட்டை," என்றார் நஸ்ரின் பானு. "மேஸ்திரி மாதிரி."

முதலில் ஒரு சின்ன இழுப்பு. பிறகு, கால்வயிறு நிரம்பிய எந்த மேஸ்திரிக்கும் வராத, முழுவயிறு நிரம்பிய மேஸ்திரியின் குறட்டை. அது பிரிவின் ஒரு மூலையில் தொடங்கி எல்லா மூலைகளையும் தொட்டுவிட்டுத் திரும்பிவந்தது. கண்ணை மூடியபடி அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இன்பவல்லிக்கு மண்டியிட வேண்டும் போலிருந்தது. அசையக்கூடாது என்ற விதி இருந்ததால் நின்றாள்.

"எம் புள்ள நல்லா இருக்கா," என்றாள் செல்லக்கிளி. அதை யாருக்கும் சொல்கிற மாதிரி இல்லை. அந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"உங்க புள்ள நல்லா இருக்கா," என்றார் நஸ்ரின் பானு.

அதையும் எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு தூ, தூ, தூ என்று மூன்று முறை கேட்டது. தரையைத் துடைக்கும் அம்மாள், பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சேலையால் கட்டிலைச் சுற்றி மறைக்கிற சலசலப்பு வந்தது. அதன் பிறகுதான் செல்லக்கிளி, இனி தொறக்கலாம் என்றாள்.

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்தார்கள். மூடிவைத்திருந்த நேரமெல்லாம் பார்க்காமல் மிச்சம் இருந்த பார்வை. அது முதலில் போய் விழுந்தது, பிரிவின் நடுவில் நிற்கும் தூணின் மேல். ஆய்வுக்காகப் போன வாரம்தான் வெள்ளையடித்த, நல்ல பருமனான தூண்.

தூண் மறுநாளிலிருந்து இளைக்கத் தொடங்கியது. குப்பு தன் காலில் நடந்து வீடு திரும்பிய அன்று அது ஒரு கைக்குள் அடங்கும் அளவுக்கு வந்திருந்தது. மேற்கூரை ஒன்றும் சொல்லவில்லை. பொதுப்பணித்துறைப் பொறியாளர் வந்து தட்டிப் பார்த்து, தினம் இரண்டு வேளை சத்துமாவுக் கஞ்சி எழுதிக்கொடுத்தார். காலைக் கஞ்சியைத் தூண் குடித்துவிடுகிறது. சாயங்காலம்தான் அடம் பிடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது.